வெப் சர்வர் எழவில்லையா? ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கர்னல் அப்டேட்டுக்காக உபுண்டு லினக்ஸ் ஓடும் எங்கள் சர்வரை ரீபூட் செய்தேன். எல்லாம் வந்தது, எங்கள் தளத்தைத் தரும் வெப் சர்வர் மென்பொருளான எஞ்சின்எக்ஸ் (nginx) மட்டும் எழவில்லை. பதறிப்போய் எங்கள் சர்வரைப் பராமரிக்கும் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "சார், கான்ஃபிக் டெஸ்ட் பண்ணிட்டோம், ஓகேன்னுதான் வருது. அப்படியும் ஸ்டார்ட் ஆகலைன்னா வைரஸ்தான். ஓஎஸ்ஸையே புதுசா போடணும், அதுக்குத் தனி சார்ஜ்." நம்பி முன்பணம் கட்டினேன்.

இரவு முழுக்கத் தளம் முடங்கிக் கிடந்தது. காலையில் நண்பனிடம் புலம்பினேன். "ஜர்னல்சிடிஎல்ல என்னடா எழுதியிருக்கு?" என்றான். சர்வரின் லாகை (பதிவேட்டை) காட்டும் கட்டளை அது. அதுவரை நான் பார்க்கவே இல்லை. வெப் கோரிக்கைகள் வந்து சேரும் வாசலான 80-ஆம் போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை, பிழை 98, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று அதே வரி ஐந்து முறை இருந்தது. எந்தப் போர்ட்டை எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று காட்டும் 'எஸ்எஸ் -எல்டிஎன்பி' கட்டளையைக் கொடுத்ததும் போர்ட்டில் உட்கார்ந்திருந்தது யார் என்று தெரிந்துவிட்டது: அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வர்.

இரண்டு வாரம் முன்பு பிஎச்பி (தளங்களுக்கான நிரல்மொழி) போட்டது இதே நிறுவனம்தான். உபுண்டுவில் பிஎச்பி பேக்கேஜை மட்டும் போடச் சொன்னால் அப்பாச்சியும் கூடவே வந்து, பூட் ஆகும்போது தானாக எழும்படி அமைந்துவிடும். அன்று போர்ட் எஞ்சின்எக்ஸ் கையில் இருந்ததால் பிரச்சினை தெரியவில்லை. ரீபூட்டில் அப்பாச்சி முந்திக்கொண்டது. எஞ்சின்எக்ஸின் கான்ஃபிக் டெஸ்ட், ஃபைலில் எழுதியிருப்பது சரியா என்றுதான் பார்க்கும். போர்ட்டை வேறொன்று பிடித்திருந்தால் சொல்லாது. இது தெரியாமல் வைரஸ் என்றார்களா? லாகில் காரணம் அப்பட்டமாக இருக்கும்போது என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

அப்பாச்சியை நிறுத்தி, டிஸேபிள் செய்து, எஞ்சின்எக்ஸை ஸ்டார்ட் செய்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு பார்த்ததுதான் வயிற்றைக் கலக்கியது. தளத்தின் ஃபோல்டர் முழுவதற்கும் 777 அனுமதி கொடுத்திருந்தார்கள். சர்வரில் கணக்கு உள்ள யாரும் எந்த ஃபைலையும் மாற்றலாம். பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வரவிடும் சாவிகளின் பட்டியலான, ரூட்டின் 'ஆதரைஸ்டு கீஸ்' ஃபைலில் நான் சேர்க்காத ஒரு சாவி இருந்தது. நான் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தச் சாவி உள்ளே விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

சாவியை நீக்கிவிட்டேன், அனுமதிகளைச் சரிசெய்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை. இப்படி யாரிடமாவது ரூட் கொடுத்திருந்தால், அந்த 'ஆதரைஸ்டு கீஸ்' ஃபைலை இன்றே திறந்து பாருங்கள்.