ஒட்டன்சத்திரம் தக்காளி மண்டி: இரண்டு வருடம் சரக்குப் போட்ட அனுபவம்

எங்கள் ஒன்றரை ஏக்கரில் ஒரு பறிப்புக்கு 35, 40 பெட்டி தக்காளி வரும். பெட்டிக்கு 14 கிலோ. இந்த மண்டிக்குப் போட ஆரம்பித்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. புதிதாக மண்டி தேடுகிறவர்கள் என்னைக் கேட்டால் தயங்காமல் இங்கே போங்கள் என்று சொல்வேன்.

விலையில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. கமிஷனும் நான் முன்பு கொடுத்த அதே நூற்றுக்குப் பத்துதான். வித்தியாசம் சிட்டையில், அதாவது விற்ற கணக்கை எழுதித் தரும் சீட்டில் இருக்கிறது. எந்த வியாபாரி எத்தனை பெட்டி எடுத்தார், என்ன விலைக்கு எடுத்தார், இறக்குக்கூலி எவ்வளவு, கழிவு என்று தள்ளியது எத்தனை, எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். சந்தேகம் என்று கேட்டால் பேரேட்டையே திருப்பிக் காட்டுவார்கள். முகம் சுளிக்க மாட்டார்கள்.

இதற்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்கக் காரணம் உண்டு. முன்பு வேறொரு மண்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் 36 பெட்டிக்குச் சிட்டையில் பெட்டி 180 ரூபாய் என்று இருந்தது. அதே தக்காளியைக் கேரளாவுக்கு ஏற்றிய வியாபாரி 260 கொடுத்ததாகச் சொன்னார். விசாரித்துப் பார்த்தால், மண்டிக்காரரே தன் மச்சினன் பெயரில் எங்கள் சரக்கை எடுத்துக் கைமாற்றி விற்றிருக்கிறார். 2,880 ரூபாய் போனது. அந்த மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்ததால் என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை.

நான் தபால் வழியில் பி.காம். படித்தவள். அன்று ராத்திரி பரணிலிருந்து வணிகச் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 182 முதல் 238 வரை முகமை, அதாவது ஒருவருக்காக இன்னொருவர் காரியம் செய்வது பற்றிய பிரிவுகள். கமிஷனுக்கு விற்றுத் தருகிறவர் நம் சரக்கை வாங்குகிறவர் இல்லை, நமக்காக விற்கிற முகவர். யாருக்காக விற்கிறாரோ அவரைச் சட்டம் முதல்வர் என்கிறது, இங்கே அது நாம்தான். நம்மிடம் சொல்லாமல் அவரே வாங்கிக்கொண்டு, முக்கியமான விஷயத்தை வேண்டுமென்றே மறைத்திருந்தால், அல்லது நமக்கு அதனால் நஷ்டம் வந்திருந்தால், அந்த விற்பனையை ஏற்க மாட்டேன் என்று சொல்ல 215ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அவர் அடித்த லாபத்தைக் கேட்க 216. நாம் கேட்டால் கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்பது 213. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வரிகள்தான். என் தக்காளியைப் பற்றித்தான் அவை பேசுகின்றன என்று அன்றுதான் புரிந்தது. அந்தப் பணம் கடைசி வரை வரவில்லை. முன்பணத்தை அடைத்துவிட்டு வெளியே வந்தோம்.

அப்புறம்தான் இந்த மண்டி. போன ஐப்பசியில் ஒரு நாள் "200க்குக் கீழே விடாதீங்க தம்பி" என்று மண்டிக்காரரிடம் சொல்லி 36 பெட்டி அனுப்பினேன். கேரளாவில் நல்ல மழை, அந்தப் பக்கத்து லாரிகள் வரவில்லை. இங்கே கரண்ட் இல்லாமல் என் போன் அணைந்து கிடந்தது. மறுநாள் பார்த்தால் நான்கு மிஸ்டு கால். நன்றாகப் பழுத்த 22 பெட்டியை 160க்கு விற்றுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. நாம் சொன்னதை மீறி நடந்து நஷ்டம் வந்தால் முகவர்தான் ஈடு கட்ட வேண்டும், 211 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 189ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவசரத்தில் முதல்வரை நஷ்டத்திலிருந்து காப்பாற்ற, புத்தியுள்ள ஒருவர் தன் சொந்தச் சரக்குக்கு என்ன செய்வாரோ அதை முகவர் செய்யலாம். கல்கத்தாவிலிருந்து கட்டாக்குக்கு அனுப்ப வேண்டிய உணவுப்பொருள் வழியில் கெட்டுவிடும் என்றால் கல்கத்தாவிலேயே விற்கலாம் என்று சட்டமே உதாரணம் கொடுக்கிறது. அவர் அதைத்தான் செய்திருந்தார். செங்காயாக இருந்த 14 பெட்டியைத் தொடவே இல்லை. அது மறுநாள் 210க்குப் போனது. "பழத்த வச்சிருந்தா தண்ணியாப் போயிருக்கும் அக்கா" என்றார். உண்மைதான்.

இன்னொரு விஷயத்தில் தப்பு என் பக்கம். என் கொழுந்தனார் மகன் ஒரு வருடம் குட்டியானை வண்டியில் சரக்கு ஏற்றிப் போய், கையெழுத்துப் போட்டுப் பணமும் வாங்கி வருவான். கணக்கில் மனஸ்தாபம் வந்து அவனை நிறுத்திவிட்டேன். மண்டிக்குச் சொல்லவில்லை. அவன் போய் என் பேரில் 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டான். நான் போய்ச் சண்டை போட்டேன். தம்பி பேரேட்டைத் திறந்து ஒரு வருடத்துக் கையெழுத்தைக் காட்டி, "நீங்க அனுப்பின ஆள்னு நம்பித்தானக்கா குடுத்தேன்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்கு அதிகாரம் உண்டு என்று நானே நடத்தையால் நம்ப வைத்திருக்கிறேன், அது 237. நிறுத்திய சேதி மண்டிக்குத் தெரியும் வரை அவன் வாங்கியது என்னைத்தான் கட்டும், அது 208. பணத்தைப் பையனிடமே வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே யாரிடம் பணம் தரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மண்டியில் கொடுத்தேன். சரக்கு அனுப்புகிற எல்லாரும் இதைச் செய்யுங்கள். ஆளை மாற்றினால் அன்றே போன் போட்டுச் சொல்லுங்கள்.

குறையும் உண்டு. பணம் கைக்கு வர ஐந்து நாள் ஆகிறது, கூலி ஆட்களுக்குப் பறித்த அன்றே கொடுக்க வேண்டிய நமக்கு அது கஷ்டம். நாம் இல்லாதபோது கழிவு தள்ளினால் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொன்னேன், பாதி நாள் மறந்துவிடுகிறார்கள். முன்பணம் இங்கேயும் கொடுப்பார்கள், நான் வாங்குவதில்லை. பெண்கள் வந்தால் உட்கார இடமில்லாமல் இருந்தது. சொன்ன பிறகு கூரைக்குக் கீழே இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறார். கழிப்பறைக்கு இன்னும் பதில் வரவில்லை. அதனால் ஐந்துக்கு நான்கு.