பொட்டெம்கின் போர்க்கப்பல்: படம் அருமை, இறுவட்டு மோசம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடையொன்றில் வாங்கினேன். "சண்டைப் படம் தம்பி, நம்பி எடுங்கோ" என்று கடைக்கார அண்ணை தந்தார். வீட்டில் போட்டால் பேச்சே இல்லாத கறுப்பு வெள்ளைப் படம், 1925இல் ஐசன்ஸ்டைன் எடுத்தது, 1905இல் கருங்கடலில் ரஷ்யக் கப்பலொன்றின் மாலுமிகள் அதிகாரிகளை எதிர்த்துக் கிளம்பிய கதை.

தொடங்குவதே புழு நெளியும் இறைச்சியில்தான். கப்பல் வைத்தியர் மூக்குக்கண்ணாடியை இரண்டாக மடித்துப் பூதக்கண்ணாடி போலப் பிடித்துப் பார்க்கிறார், புழு கண்ணுக்கு முன்னால் ஊருகிறது, மனுசன் உப்புத் தண்ணீரில் கழுவினால் சரியாம்! நிவாரண அரிசியில் வண்டு பொறுக்கிய அம்மாவுக்கு அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை, எழுந்து போகாமல் கடைசிவரை பார்த்தார்.

ஒடெசா என்ற துறைமுக நகரின் படிக்கட்டில் படையினர் சனங்களைச் சுடும் காட்சியைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். படிகளில் அப்படியே ஒரு படுகொலை நடக்கவில்லை, நகரின் வேறு இடங்களில்தான் சுட்டார்கள் என்று தெரிந்திருந்தும், தாயின் கையை விட்டுக் குழந்தை வண்டில் படிபடியாக உருளும்போது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்புறம் மூன்று கல் சிங்கங்கள்: ஒன்று படுத்திருக்கும், ஒன்று விழித்திருக்கும், ஒன்று எழும்பியிருக்கும், அடுத்தடுத்து வெட்டி ஒட்டியதில் கல்லே துள்ளி எழும்புகிறது.

முடிவு மட்டும் கொஞ்சம் இனிப்புக் கூட, மாலுமிகள் வென்றமாதிரி படம் முடிகிறது. உண்மையில் கப்பல் ருமேனியாவில் போய்ச் சரணடைந்தது.

மொத்தம் 75 நிமிடம் அளவில்தான், கட்டாயம் பாருங்கள். ஆனால் இந்த இறுவட்டு வேண்டாம்: கீழ் எழுத்துகள் பாதி வெட்டுப்பட்டிருக்கின்றன, படிக்கட்டில் இரண்டு தரம் இறுகி நின்றது, மாற்றித் தரக் கேட்டதற்கு "பழைய படம் அப்படித்தான்" என்கிறார்கள்.