பிந்திக் கண்டுபிடித்த நோய்: முறையிட மூன்று இடங்கள்

பெரியம்மாவின் வயிற்றுவலிக்கு எட்டு மாதமாகக் கிடைத்தது காஸ்ரிக் குளிசைதான். பிறகு வேறோர் இடத்தில் ஸ்கான் எடுத்தபோதுதான் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. இது நடந்து ஐந்து மாதம். "வழக்குப் போடலாமா?" என்று அண்ணா கேட்கிறார்.

போடலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு போகக்கூடிய வழிகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம்.

முதலாவது, கொழும்பில் உள்ள இலங்கை மருத்துவ சபை. செலவு குறைவு. வைத்தியரின் பதிவையே நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் முறைப்பாடு செய்தவருக்கு ஒரு சதமும் வராது. கீமோவுக்கு ஓடித்திரியும் குடும்பத்துக்கு இது போதுமா?

இரண்டாவது, அடிப்படை உரிமை மனு. அரச ஆஸ்பத்திரி என்றால் மட்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. எங்களுக்கு அந்த மாதம் எப்போதோ போய்விட்டது. நோயாளியைப் பார்ப்பதா, மனு எழுதுவதா?

மிஞ்சுவது மாவட்ட நீதிமன்றம். நட்டஈடு கேட்கலாம், யாழ்ப்பாணத்திலேயே, தமிழிலேயே வழக்காடலாம். 1871ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டப்படி இரண்டு வருட அவகாசம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில்.

குழந்தை வைத்திய நிபுணர் பேராசிரியர் பிரியானி சொய்சா மீது போட்ட வழக்கைச் சட்டத்தரணிகள் எல்லோரும் சொல்வார்கள். ஒரு குழந்தையின் மூளைக் கட்டியை உரிய நேரத்தில் கண்டுபிடிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபா கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை லட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. கவனக்குறைவால்தான் மரணம் நேர்ந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். முன்பே கண்டுபிடித்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாத கட்டி அது.

ஆக, "பிந்திவிட்டது" என்று காட்டினால் போதாது. அந்த எட்டு மாதம் என்ன கெடுத்தது என்று காட்டவேண்டும். முன்பே தெரிந்திருந்தால் சத்திரசிகிச்சையோடு முடிந்திருக்குமா? இதை ஒரு நிபுணர் சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஒரு வைத்தியர் மற்றவருக்குப் படிப்பித்தவராகவோ கூடப் படித்தவராகவோ இருப்பார். யார் ஏறுவார்? குடல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரை வெளியூரில் தேடுவதுதான் என் யோசனை. சட்டத்தரணியைப் பார்க்குமுன் அவரைப் பார்க்கவேண்டும். வழக்கு நிற்குமா என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

அவரிடம் வெறுங்கையோடு போகமுடியாது. கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், இரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து வைத்தாயிற்று. வார்டில் எழுதிய குறிப்புகளை அரச ஆஸ்பத்திரியிடம் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெரியம்மாவே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மருத்துவ சபைக்கும் இதே தாள்கள்தான் வேண்டும் என்பதால் உழைப்பு வீணாகாது.

சரி, இரண்டு வருடம் எப்போது தொடங்குகிறது? அண்ணா ஸ்கான் எடுத்த நாளிலிருந்து எண்ணுகிறார், 19 மாதம் இருக்கிறதாம். எதிர்த்தரப்பு அப்படி எண்ணாது. முதல் குளிசை வாங்கிய நாளிலிருந்து எண்ணச் சொன்னேன். 11 மாதம்தான் வந்தது.