புது பிரிண்டரை இணைக்கும்போது ‘பரிந்துரைக்கப்பட்டது’ பொத்தானை அழுத்திவிடாதீர்கள்

வீட்டுக்கு பிரிண்டர் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூன்று வாரமாக நான் பட்ட அவஸ்தை இன்னொருவருக்கு வர வேண்டாம்.

மகளின் பாடத்தாள்களை அச்சிடவும், அப்பாவின் மருத்துவக் காகிதங்களை ஸ்கேன் செய்து வைக்கவும் ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினோம். பிரிண்டரில் குறை ஒன்றும் இல்லை, அச்சு நன்றாகவே வருகிறது. என் புகார் அதோடு சேர்ந்து கணினிக்குள் நுழைந்த மென்பொருள்களைப் பற்றியது.

நிறுவும்போது திரையில் ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்று பெரிய பொத்தான் ஒன்று வந்தது. அதற்குக் கீழே, வெளிறிய பொடி எழுத்தில், நாமே தேர்ந்தெடுக்கும் வழி. பிரிண்டர் கம்பெனியே பரிந்துரைக்கிறதே என்று பெரியதை அழுத்தினேன். அடுத்த திரையில் என் பயன்பாட்டுத் தகவலை அனுப்பச் சம்மதிக்கும் பெட்டியில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருந்தது. அதையும் கவனிக்காமல் தாண்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் லேப்டாப்பைப் போட்டால் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. பழைய லேப்டாப்தான், 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். ஆனால் முதல் நாள் வரை இரண்டு நிமிடத்தில் வேலைக்குத் தயாராகிவிடும். இப்போது ஆறேழு நிமிடம் ஆனது. கடிகாரத்தின் பக்கத்தில் புதிதாக மூன்று ஐகான்கள். அப்பா டாக்டரிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, டாக்டர் காட்டிய ரிப்போர்ட்டை மறைத்துக்கொண்டு ‘மை குறைகிறது, இப்போதே வாங்குங்கள்’ என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அதை எப்படி மூடுவது என்று தெரியாமல் அப்பா பதறிப்போனார். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். “அதையெல்லாம் எடுத்தீங்கன்னா பிரிண்டர் வேலை செய்யாது மேடம்” என்றார்கள். நம்பினேன். இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன்.

அது உண்மையில்லை. அச்சிடத் தேவையானவை இரண்டே இரண்டு: பிரிண்டரின் டிரைவர், அப்புறம் விண்டோஸிலேயே இருக்கும் பிரிண்ட் ஸ்பூலர் என்ற சேவை. நாம் அச்சிடச் சொன்னதும் ஸ்பூலர் அதை வரிசையில் வைக்கிறது, பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்றித் தருவது டிரைவர். மை அளவைக் கண்காணிப்பது, புதுப்பிப்பு தேடுவது, மை விற்பது, போட்டோ ஆல்பம் செய்வது எல்லாம் தனித்தனி புரோகிராம்கள். கணினி தொடங்கும்போதே அவை எழுந்து உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

எடுத்த கதைக்கு வருகிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில் பிரிண்டர் கம்பெனியின் பெயரில் ஐந்து வரிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் வலது கிளிக் செய்து ‘டிசேபிள்’ கொடுத்தேன். இது எதையும் அழிப்பதில்லை, தேவைப்பட்டால் திரும்ப இயக்கிக்கொள்ளலாம். அதனால் முதலில் இதையே செய்யுங்கள். விண்டோஸ் 7 போன்ற பழைய கணினியில் இந்தப் பட்டியல் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவிக்குள் இருக்கும்.

மறுநாள் வேகம் திரும்பியது. ஆனால் மை விற்கும் பெட்டி மட்டும் நான்காம் நாள் மறுபடி வந்தது! ஸ்டார்ட்அப் பட்டியலில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. அது டாஸ்க் ஷெட்யூலருக்குள் இருந்தது. குறிப்பிட்ட நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளை விண்டோஸ் வைத்திருக்கும் இடம் அது. பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும் சேவைகளைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலிலும் புதுப்பிப்பு தேடும் சேவை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முன்வாசலைச் சாத்தினால் கொல்லைப்புறம் திறந்திருந்த கதைதான். மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் என்ற கருவி இந்த எல்லா இடங்களையும் ஒரே திரையில் காட்டுகிறது. அதில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் வசதியை இயக்கிவிட்டால், வெளியிலிருந்து வந்தவை மட்டும் தெரியும். அவற்றில் பிரிண்டர் கம்பெனியின் வேண்டாத புரோகிராம்களுக்கு எதிரே உள்ள டிக்கை மட்டும் எடுங்கள், டெலீட் செய்ய வேண்டாம்.

சர்வீசஸில் கை வைக்கும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பிரிண்ட் ஸ்பூலர் என்ற பெயரைப் பார்த்து, இதுவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். அது நின்றால் அச்சு மொத்தமாக நின்றுவிடும்.

எல்லாம் ஓய்ந்த பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் மை விற்பனை, ஆல்பம், தகவல் அனுப்பும் புரோகிராம் மூன்றையும் நீக்கினேன். ஒவ்வொன்றை நீக்கியதும் ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், எங்கே தவறியது என்று உடனே தெரியும். ஒரே ஒரு வசதி போனது. பிரிண்டரில் உள்ள ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் படம் இப்போது கணினிக்கு வருவதில்லை, ஏனென்றால் அந்தப் பொத்தானுக்காகக் காத்திருக்கும் புரோகிராமையும் நிறுத்திவிட்டேன். கணினியிலிருந்து ஸ்கேன் செய்தால் வருகிறது. எங்களுக்கு அதுவே போதும். பொத்தான்தான் வசதி என்றால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. விண்டோஸ் 10-இன் 21எச்2 பதிப்பு முதல், மோப்ரியா என்ற, பல கம்பெனிகளுக்கும் பொதுவான அச்சு முறைக்கு ஒத்துப்போகும் பிரிண்டர்களுக்குக் கம்பெனியின் டிரைவர்கூடத் தேவையில்லை, விண்டோஸில் உள்ள பொது டிரைவரே போதும். பெட்டியில் மோப்ரியா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வாங்கி வந்ததும் சிடியைத் தொடாமல், செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பகுதிக்குப் போய் ‘ஆட்’ கொடுத்துப் பாருங்கள். தானாகக் கிடைக்கவில்லை என்றால் கம்பெனியின் தளத்தில் டிரைவர் மட்டும் உள்ள சின்னக் கோப்பைத் தேடுங்கள். பல மாடல்களுக்கு அது தனியாகவே கிடைக்கிறது, ஆனால் முழுத் தொகுப்புக்குக் கீழே தள்ளி வைத்திருப்பார்கள்.

நடந்ததையெல்லாம் எழுதி கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறேன்: சம்மதப் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டது ஏன், பிரிண்டர் வேலை செய்யாது என்று பொய் சொல்லச் சொன்னது யார். ஒன்பது நாளாகிறது, பதில் வரவில்லை.