“ரி.எஃப்.எஸ்.ஏ.யில் வரியே இல்லை” என்பவரிடம் கவனம்: எனக்குப் போனது 540 டொலர்

கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாமாங்கத் தீர்த்தத்துக்கு லீவில் வந்து மட்டக்களப்பு, கல்லடி வீட்டில் நிற்கிறேன். நேற்று இரவு கரண்ட் போனது. வேறு வேலை இல்லாமல் போனில் என்னுடைய ரி.எஃப்.எஸ்.ஏ.யை, அதாவது கனடாவின் ‘வரியில்லாச் சேமிப்பு’ முதலீட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு காலாண்டும் வந்த டிவிடென்ட் (பங்கு இலாபம்) 300 அமெரிக்க டொலர், அதற்குக் கீழேயே ‘வெளிநாட்டு வரி’ என்று 45 டொலர் கழிவு. பன்னிரண்டு தடவை. 540 டொலர், ஊர்க்காசில் ஒன்றரை லட்சத்துக்கு மேலே.

மூன்று வருடத்துக்கு முன் இதே விறாந்தையில்தான் அந்த மனுசன் இருந்தார். கனடாவில் ஸ்காபரோவில் ஒரு முதலீட்டு ஆலோசனை அலுவலகத்தில் வேலை, சொந்த இடம் நம்மட பக்கம்தான், அவரும் தீர்த்தத்துக்கு வந்திருந்தார். “தம்பி, ஆர்.ஆர்.எஸ்.பி. ஓய்வூதியக் கணக்கில் போட்டால் பிறகு எடுக்கும்போது வரி. ரி.எஃப்.எஸ்.ஏ.யில் போடுங்க, ஒரு சதம் வரி இல்லை. நம்மட ஆளுக்கு நான் பிழையாச் சொல்லுவனா?” என்றார். ஆர்.ஆர்.எஸ்.பி.யில் காசு போட எனக்கு அனுமதித்த வரம்பில் இடம் தாராளமாக இருந்தது. அதை அவர் கேட்கவுமில்லை. போனில் விரலால் கையெழுத்து வைத்தேன். அமெரிக்கச் சந்தையில் விற்கும், பல கம்பனிப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் டிவிடென்ட் ஃபண்ட், 30,000 அமெரிக்க டொலர். அம்மா இரண்டு சட்டி எருமைத் தயிரைக் கயிறு போட்டுக் கட்டி அவர் கையில் கொடுத்தா. அதை நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

வரி இல்லை என்பது கனடா அரசின் பேச்சு. அமெரிக்காவுக்கு ரி.எஃப்.எஸ்.ஏ. என்றால் சாதாரணக் கணக்குத்தான், டிவிடென்டில் 15 சதவீதம் வெட்டிவிட்டுத்தான் அனுப்புவான். ஓய்வூதியக் கணக்கு என்பதால் ஆர்.ஆர்.எஸ்.பி.க்கு இரண்டு நாட்டு வரி உடன்படிக்கையில் விலக்கு உண்டு. அதே ஃபண்ட் அங்கே இருந்திருந்தால் வெட்டு பூச்சியம். சாதாரணக் கணக்கில் இருந்திருந்தால்கூட வெட்டியதைக் கனடா வரியில் கழித்துக் கேட்கலாம். ரி.எஃப்.எஸ்.ஏ.யில் அதற்கும் வழியில்லை. போனது போனதுதான்.

காலையில் ஆளுக்கு எடுத்தேன். “மீற்றிங், பிறகு எடுக்கிறேன்.” எடுக்கவில்லை. அலுவலகத்துக்கு எடுத்தால் ஒரு பிள்ளை, “அது அமெரிக்கா எடுக்கிறது சேர், எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்றது. மூன்றாம் தடவை அவரே வந்தார்: “15 வீதம்தானே, எல்லாருக்கும் வெட்டுறதுதான். நீங்கதானே கையெழுத்து வச்சீங்க?” சரி, வைத்தவன் நான்தான். சொன்னது யார்? 540 டொலர் பெரிய காசா என்றும் ஒரு சிரிப்பு. அப்புறம் அமெரிக்கப் பங்குகளையே வைத்திருக்கும் கனடா ஃபண்ட் ஒன்றுக்கு மாறச் சொன்னார், அதில் வெட்டே தெரியாதாம். தெரியாதுதான்! ஃபண்டுக்குள்ளேயே வெட்டிவிட்டு மிச்சத்தைத்தான் தருவார்கள்.

விபரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவும் பாருங்கள்: அமெரிக்க டிவிடென்ட் ஃபண்ட் வைத்திருந்தால் ஆர்.ஆர்.எஸ்.பி.யில் வையுங்கள், அதுவும் அமெரிக்கச் சந்தையில் நேரே வாங்கியதாக இருக்க வேண்டும். கனடா ஃபண்டுக்குள் அமெரிக்கப் பங்கு இருந்தால் ஆர்.ஆர்.எஸ்.பி.யிலும் வெட்டு உண்டு. “வரி இல்லை” என்றால் எந்த நாட்டு வரி என்று எழுத்தில் கேளுங்கள். இலங்கையில் இருந்துகொண்டு அமெரிக்கப் பங்கு வைத்திருப்பவர்கள் அமெரிக்கர் இல்லை என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். கொடுக்காவிட்டால் 30 வீதம், கொடுத்தால் உடன்படிக்கைப்படி 15.

என்னுடையதை ஆர்.ஆர்.எஸ்.பி.க்கு மாற்றச் சொல்லி மின்னஞ்சல் போட்டுவிட்டேன். பதில் இல்லை. செப்டம்பர் டிவிடென்டும் வரப்போகிறது, அதிலும் 45 டொலர்.