வீடுகளுக்கு நடுவே டிஸ்க் கோல்ஃப்: மூன்று வருடம் ஆடிய பிறகு

மூன்று வருடமாக, வாரத்தில் மூன்று நாளாவது இந்தக் களத்தில் ஆடுகிறேன். மொத்தம் ஒன்பது கூடைகள். குடியிருப்புக்கு நடுவே வளைந்து போகும் புல்வெளியிலும், மழைநீர் ஓடையை ஒட்டியும் அமைத்திருக்கிறார்கள். எங்கே நின்று வீசினாலும் யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லை கண்ணில் படும்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எட் ஹெட்ரிக் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தபோது வெறும் கம்பங்கள்தான் இலக்கு. சங்கிலிக் கூடை அதற்கப்புறம் அவரே வடிவமைத்தது. ஓக் குரோவ் ஒரு பொதுப் பூங்கா. தட்டு கொஞ்சம் விலகினால் மரத்தில் படும். இங்கே விலகினால் ஜன்னல்.

நான்காவது கூடையைப் பற்றிச் சொன்னாலே இந்தக் களம் புரிந்துவிடும். சுமார் 70 மீட்டர். இடது பக்கம் முழுக்க வீடுகளின் வேலி, வலது பக்கம் ஓடை. வலது கைக்காரர் வழக்கமான பேக்ஹேண்டில் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக) வீசினால் வேகம் குறையும்போது தட்டு இடது பக்கம் சாயும். அதாவது நேராக வேலிக்குள். ஆரம்பத்தில் நான் டிரைவர் என்ற, தூரமாக வீசும் தட்டைத்தான் எடுப்பேன். 170 கிராமுக்கு மேல் எடை, மெல்லிய கூர்மையான விளிம்பு. ஒருநாள் அது வேலியைத் தாண்டி, நிறுத்தியிருந்த காரின் கதவில் போய் இடித்தது. விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கதவைத் தட்டி, நான்தான் என்று சொல்லி, சரிசெய்ய ஆன பணத்தைக் கொடுத்தேன். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. ஜன்னலோரம் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற நினைப்பு போகவே இல்லை.

அன்றிலிருந்து டிரைவரைப் பையிலிருந்தே எடுத்துவிட்டேன். நான்காவதில் இப்போது பட்டர் என்ற, கூடைக்குப் பக்கத்திலிருந்து போடும் தட்டை ஃபோர்ஹேண்டில் (கையைப் பக்கவாட்டிலிருந்து முன்னால் கொண்டுவந்து) வீசுகிறேன். தவறினாலும் வலது பக்கம், ஓடைக்குத்தான் போகும். பட்டரின் விளிம்பு மழுங்கலானது, வேகமும் குறைவு. தூரம் குறையும்தான், ஆனால் இந்தக் களத்தில் ஒன்பது கூடைக்கும் அந்தத் தூரமே போதும். என் ஆட்டம் மேம்பட்டதே அதற்குப் பிறகுதான்.

அந்தப் பட்டர் விலை குறைந்த மென்மையான பிளாஸ்டிக். சிமெண்ட் நடைபாதையில் விழுந்து விழுந்து விளிம்பெல்லாம் பொடிப் பொடியாகச் செதுக்கினாற்போல் ஆகிவிட்டது. விரலை ஓட்டினால் ரம்பப் பல் மாதிரி தட்டுப்படும். ஒரு வருடம் கழித்து, பேக்ஹேண்டில் நேராக வீசினாலும் வலது பக்கம் திரும்ப ஆரம்பித்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. ஏழாவது பாதை வலது பக்கம் வளையும், அங்கே அதைவிட நல்ல தட்டு என்னிடம் இல்லை.

இங்கே ஆட வருபவருக்குக் காத்திருக்கத் தெரிய வேண்டும். சைக்கிளில் பிள்ளைகள், நாயோடு நடப்பவர்கள், தள்ளுவண்டியில் குழந்தை. வீச 30 விநாடிதான் என்று விதி இருக்கிறது. ஆனால் பாதை காலியான பிறகுதான் அந்தக் கணக்கே தொடங்கும். நான் யாரைப் பார்த்தாலும் தட்டைக் கீழே இறக்கிவிடுவேன். அவர்கள் கடந்து போகும்போது ஒரு தலையசைப்பு. இந்த மூன்று வருடத்தில் அக்கம்பக்கத்தார் பாதிப் பேர் எனக்குப் பழக்கமானது இப்படித்தான்.

வேலி தாண்டினால் ஓபி (எல்லைக்கு வெளியே), ஒரு வீச்சு அபராதம். அது சரி, தட்டை எப்படி எடுப்பது? ஏறிக் குதிக்கவே கூடாது. அழைப்பு மணியை அடித்துக் கேளுங்கள். ஆள் இல்லையென்றால் விட்டுவிட்டு வாருங்கள். தட்டின் அடியில் அழியாத மையில் தொலைபேசி எண் எழுதி வைத்திருக்கிறேன். பதினொன்று போனதில் ஒன்பது திரும்ப வந்தன. ஒன்றைக் கழுவித் துடைத்து வாசற்படியில் எடுத்து வைத்திருந்தார்கள்.

குறைகளும் உண்டு. ஆறாவது கூடை ஒரு படுக்கையறை ஜன்னலுக்கு எட்டு அடி தூரத்தில் நின்றது. விடியற்காலையில் சங்கிலி கலகலக்கும் சத்தத்தை அந்த வீட்டார் ஒரு வருடம் பொறுத்துக்கொண்டார்கள். பராமரிப்பவர்களுக்கு அவர்களும் எழுதினார்கள், நாங்களும் எழுதினோம். கடைசியில் மரத்தடிக்கு மாற்றினார்கள். இதைக் கூடை நடும்போதே யோசித்திருக்க வேண்டும்.

எட்டாவது இன்னும் மாறவில்லை. வீசும் இடத்திலிருந்து பார்த்தால் பாதையின் வளைவில் யார் வருகிறார்கள் என்றே தெரியாது. கூட யாராவது இருந்தால் அவரை வளைவில் நிறுத்தி, கை காட்டிய பிறகு வீசுவேன். தனியாக வரும் மாலைகளில் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு எட்டாவதை நடந்தே கடந்து, ஒன்பதாவதுக்குப் போய்விடுகிறேன்.