பழைய கொரோலாவில் ஒயில் கசிவு: பல வருஷம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மட்டக்களப்பில் டொயோட்டா கொரோலா 110 வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் ஒயில் கசிவு பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். என்னுடையது தொண்ணூறுகளின் கடைசியில் வந்த வண்டி, 5ஏ-எஃப்ஈ எஞ்சின், 1498 சிசி. வீடு கல்லடியில், வேலை களுவாஞ்சிகுடியில், இடைக்கிடை கொழும்புக்கும் போகவேண்டும். வாங்கிய காலத்திலிருந்தே எங்காவது ஒரு பக்கம் ஒயில் கசியும். ஒரு பக்கிங்கை (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் வைக்கும் அடைப்பை) மாற்றினால் ஆறு மாதத்தில் இன்னொரு இடம் நனையும். இப்போது சில வருஷமாக எஞ்சினின் வெளிப்பக்கம் அநேகமாகக் காய்ந்து கிடக்கிறது, ஒரு சேர்விஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒயில் ஊற்றுவதில்லை. எஞ்சினைப் பிரித்து இறக்கவில்லை, பெரிய செலவும் செய்யவில்லை. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்கு விடுவது என்ற வரிசை பிடிபட்டதும்தான் நின்றது. அந்த வரிசையை எழுதி வைத்தால் இதே வண்டியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு உதவும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய கார்களின் விலை ஏறியதை எல்லோரும் பார்த்தோம். 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாத விலை. இருக்கிற வண்டியை நல்லபடியாக வைத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. அதனால் "பழைய எஞ்சின் என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்ற பேச்சை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஒழுகும் ஒயில் எஞ்சின் மவுண்ட் ரப்பரை ஊதவைத்து வண்டியை நடுங்கச் செய்யும். டைமிங் பெல்டில் பட்டால் பெல்ட் சீக்கிரம் கெடும். சூடான புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டில் சொட்டினால் கருகிய வாடை காருக்குள் வரும். காத்தான்குடிப் பேரீச்ச மரங்களுக்கு நடுவே மாலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்த வாடையோடு ஏசியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பது நல்லதல்ல.

சரி, வரிசைக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது எந்தப் பக்கிங்கும் அல்ல, பி.சி.வி வால்வு.

எஞ்சின் ஓடும்போது எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங் பக்கம் இறங்கும். புது எஞ்சினிலும் இது உண்டு, தேய்ந்த எஞ்சினில் இன்னும் அதிகம். அந்த வாயுவை வெளியே எடுத்து, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் இன்டேக் மனிஃபோல்டுக்கு அனுப்பி மீண்டும் எரியவைப்பதுதான் இந்தச் சின்ன வால்வின் வேலை. எஞ்சினின் மேல்மூடியான டெபட் கவரில் ஒரு ரப்பர் வளையத்தில் செருகி, ஹோஸ் ஒன்றோடு இணைந்திருக்கும். இது கரி பிடித்து அடைத்தால், மூடியை அழுத்திப் பிடித்த சோற்றுப் பானை மாதிரி எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியாக ஒயிலைத் தள்ளும். அந்தச் சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். ஒன்றை அடைக்க இன்னொன்று ஒழுகும் வண்டிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான் என்று நான் நம்புகிறேன். என் வண்டியில் நடந்தது இதுவேதான்.

சோதிப்பது சுலபம். வால்வைக் கழற்றிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் ஒட்டிப்போய்விட்டது. ஹோஸில் கொழுவியபடியே எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு வால்வின் நுனியை விரலால் மூடினால் விரலை இழுக்க வேண்டும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாய்மேல் ஒரு மெல்லிய கடதாசியை வைத்தும் பார்க்கலாம். காற்றோட்டம் சரியாக இருந்தால் கடதாசி லேசாக உள்ளிழுபடும். தூக்கி வீசிப் புகை குபுகுபுவென்று வந்தால், வால்வு சரியாக இருந்தும் அப்படி வந்தால், ரிங் தேய்ந்துவிட்டது. அந்த வண்டிக்கு எத்தனை பக்கிங் போட்டாலும் நிற்காது, அதை முதலே தெரிந்துகொள்வது காசை மிச்சப்படுத்தும். வால்வு மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் ஹோஸையும் சேர்த்து மாற்றுங்கள். இருபது வருஷத்து ரப்பர் கல்லாகிப் போயிருக்கும், கழற்றும்போதே துண்டு துண்டாக உடையும். அந்தத் துண்டுகள் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கசிவு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. எனக்கு வேலை செய்து தரும் கராஜ்கார அண்ணன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தம்பி, கீழ படுத்துப் பாக்காதீங்க. ஒயில் மேல இருந்துதான் வரும். முதல்ல கழுவுங்க, மறுகா பாப்பம்." இதற்கு முன்பு வேறொரு கராஜில் எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் ஒயில் சொட்டுவதைக் காட்டி, கிராங்கின் பின் சீல் போய்விட்டது, கியர்பொக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சீலின் விலை பெரிதில்லை, ஆனால் இறக்கி ஏற்றும் கூலி அதைப்போலப் பல மடங்கு.

அண்ணன் எஞ்சினை நன்றாகக் கழுவிக் காற்றடித்துக் காயவைத்தார். அப்புறம் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை எடுத்து எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் பக்கவாட்டிலும் கியர்பொக்ஸ் மேலும் மெல்லியதாகத் தூவினார். வெள்ளையாக இருந்த எஞ்சினோடு செங்கலடி வரை போய்த் திரும்பினோம். பொனெட்டைத் திறந்து டோர்ச் அடித்தபோது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தின் அடிப்பக்கத்தில் ஒரு மண்ணிறப் புள்ளி. அங்கிருந்து நூல் போல ஒரு கோடு இறங்கி, கியர்பொக்ஸ் ஓட்டின் மேல் கொஞ்சம் பரவி, விளிம்பைச் சுற்றிக் கீழே போயிருந்தது. கோட்டின் இரு பக்கமும் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. டிஸ்ரிபியூட்டரைக் கழற்றி எடுத்தால் அதன் கழுத்தில் இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தட்டையாகிப் பிளாஸ்டிக் வளையல் போல இறுகிக் கிடந்தது, நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. அந்த ஒரு வளையத்தை மாற்றியதும் "பின் சீல் கசிவு" நின்றது. கழற்றுமுன் டிஸ்ரிபியூட்டர் இருந்த நிலையைக் கீறி அடையாளம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இக்னிஷன் டைமிங் மாறிவிடும். கியர்பொக்ஸை இறக்கச் சொன்னால் முதலில் இந்த ஓ-ரிங்கைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

டெபட் கவர் பக்கிங் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு மட்டும் சொல்கிறேன். கசிகிறதே என்று நட்டை மேலும் மேலும் இறுக்குவதால்தான் பல கவர்கள் வளைந்துபோகின்றன. அதற்குத் தேவையானது பத்து நியூட்டன் மீற்றர்கூட வராத இறுக்கம், நட்டுக்குக் கீழே இருக்கும் ரப்பர் புதிதாக இருந்தால் போதும். மற்றது சிலிக்கன். வால்வுகளைத் திறக்கும் தண்டான கம்ஷாஃப்டின் மூடி ஹெட்டோடு சேரும் மூலைகளில் ஒரு பொட்டு அளவு சிலிக்கன் வேண்டும். பக்கிங் முழுவதும் பிதுங்கப் பூசுகிறார்கள், அதுதான் ஆபத்து. உள்ளே பிதுங்கியது உடைந்து எஞ்சினுக்கு அடியிலுள்ள ஒயில் பானுக்குள் விழுந்து ஒயில் உறிஞ்சும் ஸ்ரெயினரை அடைத்தால் எஞ்சினே போய்விடும். பூசுமுன் இரண்டு பக்கமும் ஒயில் பசையில்லாமல் தின்னரால் துடைத்து, பூசியபின் டியூபில் சொல்லும் நேரம் காயவிட வேண்டும். அவசரத்துக்கு அரை மணித்தியாலத்தில் ஸ்டார்ட் செய்த வேலை எங்கும் நின்றதில்லை.

முன்பக்கச் சீல்களை, அதாவது கிராங் சீலையும் கம்ஷாஃப்டின் கம் சீலையும், தனியாக மாற்றப் போகவேண்டாம். டொயோட்டா இந்த எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் மாற்றச் சொல்லும் கணக்கு 1,00,000 கிலோமீற்றர். அப்போது எப்படியும் முன்பக்கத்தைத் திறக்க வேண்டும், சீல்களையும் அன்றைக்கே போட்டால் கூலி ஒரே கூலி. புதுப் பெல்டைப் பழைய சீலுக்குக் கீழே போட்டு மூடுவது எனக்கு மனம் ஒப்பாத வேலை.

சாமான் விஷயத்தில் என் அனுபவம் தெளிவானது. சாதாரண நைட்ரைல் ரப்பர் நூறு பாகையை ஒட்டிய சூட்டில் நாள்பட இருந்தால் இறுகிவிடும். விட்டன் என்ற ரப்பர் ரகம் இருநூறு பாகை வரை தாங்கும். எங்கள் ஊர் வெயிலில், நெரிசலில் ஊரும் எஞ்சினுக்கு இந்த வித்தியாசம் தெரியும். முன்பு போட்ட மலிவு ஓ-ரிங்கும் கம் சீலும் இரண்டு வருஷத்தில் கல்லாகின. பிறகு கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கேட்டு வாங்கிய நல்ல சீல்கள் இன்னும் ஈரம் காட்டவில்லை. பக்கிங் தொகுதி முழுவதையும் உயர்ந்த விலைக்கு வாங்கத் தேவையில்லை. சூட்டிலும் சுழற்சியிலும் இருக்கும் சீல்களுக்கு மட்டும் காசு போடுங்கள்.

கசிவை நிறுத்தும் போத்தல் மருந்துகளையும் பாவித்துப் பார்த்தேன். இறுகிய ரப்பரைக் கொஞ்சம் மென்மையாக்கி ஊதவைப்பதுதான் அவற்றின் வேலை. அதனால் சில மாதம் சொட்டுவது குறையும். கிழிந்த சீலுக்கும் சிலிக்கன் இணைப்புக்கும் அவை ஒன்றும் செய்யாது. 20டபிள்யூ-50 ஊற்றினாலும் கசிவு மெதுவாகுமே தவிர நிற்காது. இப்போது 10டபிள்யூ-40 பாவிக்கிறேன், காலையில் ஸ்டார்ட் இலகுவாக இருக்கிறது. பில்டர் மாற்றும்போது பழைய பில்டரின் ரப்பர் வளையம் புளொக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதன் மேல் புதியதை இறுக்கினால் வழியிலேயே ஒயில் முழுவதும் கொட்டிவிடும்.

எஞ்சின் கழுவுவதைப் பற்றி ஒன்று. வீட்டு முற்றத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி வடிகானில் விடுகிறவர்களைப் பார்க்கிறேன். நவம்பர், டிசம்பர் மழையில் அந்த வடிகான் நேரே வாவிக்குத்தான் போகும். அந்த வாவி மீனையும் இறாலையும்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். ஒயில் வடிகட்டும் தொட்டி உள்ள சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துக் கழுவுங்கள்.

இப்போது மிச்சமிருப்பது ஒயில் பானின் பின் மூலையில் மெல்லிய ஈரம். சொட்டாகத் திரளவில்லை, டிப்ஸ்டிக்கில் அளவும் இறங்கவில்லை. அடுத்த முறை ஒயிலை இறக்கும்போது பானைக் கழற்றி, பழைய சிலிக்கனைச் சுரண்டி, ஸ்ரெயினரையும் கழுவிப் பூட்டுவதாக அண்ணனோடு பேசி வைத்திருக்கிறேன். ஒரு நாள் வண்டி அங்கேயே நிற்க வேண்டும், அதனால் பள்ளிக்கூட விடுமுறைக்குத் தள்ளியிருக்கிறேன்.